சிபாப் மெசின் வசதிப் பொருள் அல்ல

தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கான சிபாப் மெசினுக்குக் கனடாவின் மாகாணங்கள் ஆளுக்கொரு விதமாய்ப் பணம் கொடுப்பதில் பிழையில்லை, அது வெறும் வசதிப் பொருள்தானே என்று கடந்த இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. நோய் கடுமையானவருக்கு மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சுத் தடைப்படுகிறது. ஒட்சிசன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு விழிக்கிறது, விடியும்வரை இதே கதை. அந்த மனிதர் காலையில் 401 நெடுஞ்சாலையில் லொறி ஓட்டப் போகிறார். இதில் வசதி எங்கே வந்தது?

ஒன்ராறியோ, தான் நிர்ணயித்த விலையில் 75 வீதத்தைக் கொடுக்கிறது. 2017 முதல் மனிரோபாவில் நோயாளி 500 டொலரும் சஸ்காச்சுவானில் 275 டொலரும் கட்ட வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ, சமூக உதவிப் பணத்தில் வாழ்பவர் போன்ற சிலரைத் தவிர, மற்றவர்கள் முழு விலையையும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வுகூடத்தில் இரவு தங்கிச் செய்யும் பரிசோதனைக்கு அதே மாகாணம் பணம் கொடுக்கிறது. நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, சிகிச்சை என்றதும் கைவிரிக்கிறது. 1984ஆம் ஆண்டுக் கனடா சுகாதாரச் சட்டம் வைத்தியரையும் வைத்தியசாலையையும் மட்டும் கட்டாயமாக்கி, வீட்டில் பாவிக்கும் கருவிகளை மாகாணங்களின் விருப்பத்துக்கு விட்டதன் விளைவு இது. இந்த ஓட்டைக்குக் கட்டுரையாளர் வைத்திருக்கும் பெயர் மாகாண உரிமை. வேலையிடக் காப்புறுதி இருக்கிறதே என்கிறார். ஏஜென்சி மூலம் இரவு வேலைக்குப் போகிறவருக்கு எந்தக் காப்புறுதி?

2016இல் வெளியான சேவ் (SAVE) என்ற சிபாப் ஆய்வைக் காட்டி, மெசினால் பயனே இல்லை என்றும் சாதிக்கிறார். அதில் பங்கெடுத்த 2,717 பேரும் ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ளவர்கள். பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி வழிபவர்களை ஆய்வில் சேர்க்கவேயில்லை. மெசின் கிடைத்தவர்கள் அதைப் போட்டிருந்ததும் இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரம்தான். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது, வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்தன என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இந்தப் பாதியை அவர் வாசகரிடம் மறைத்தது நேர்மையில்லை.

வாங்கியவர்கள் மெசினை மூலையில் போடுகிறார்களாம். ஏன் என்று ஒருவரையாவது கேட்டாரா? மெசினின் காற்றை முகத்துக்குக் கொண்டுவரும் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு நாளடைவில் தளர்ந்துவிடும். காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். வாரை இறுக்கினால் மூக்குத்தண்டில் புண் வரும். புது மாஸ்க்குக்கு, ஒன்ராறியோவிலும்கூட, நோயாளிதான் காசு கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாமல் கழற்றி வைத்தவரை "அக்கறையற்றவர்" என்று எழுதியதைக் கட்டுரையாளர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும்.