மீட்டர் சொல்லாத வயது

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் புதிய கார்கள் லாரிகளில் ஏறி ஊர் ஊராகப் பிரயாணப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதே சாலையை ஒட்டிய தெருக்களில், வீட்டு முகப்பிலும் வேப்பமர நிழலிலும் உறை போர்த்தி நிற்கும் பழைய கார்களின்மேல் கண் போவது அபூர்வம். 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து முதல் சாண்ட்ரோ வெளிவந்ததிலிருந்து 2014 இறுதியில் அதன் உற்பத்தி நின்றது வரையில் (2018-ல் அதே பெயரில் வந்தது வேறொரு கார்), இந்த வட்டாரத்தில் அதை ஆசையோடு வாங்கிய குடும்பங்கள் அநேகம். ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வாசலுக்கே வந்துவிடும் ஊராதலால், கார் ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவப் பெருமாள் சந்நிதிக்கும், முகூர்த்த நாளில் காஞ்சிபுரத்துக்கும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே வெளியே எடுக்கப்பட்டது; ஆகவே, 15 ஆண்டு கடந்தும் மீட்டரில் 30,000, 40,000 என்று காட்டும் கார்கள் இங்கே அதிசயமல்ல.

இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவரிடம் பராமரிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஓடாத வண்டிக்கு என்ன சார் செலவு?" என்ற கேள்விதான் பதிலாக வரும். சிக்கனமும் பொறுப்பும் உள்ள மனிதர்கள் சொல்வதாலேயே இந்த அபிப்பிராயம் அபாயகரமானது. காரோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது என்றே அச்சிட்டிருக்கும். நாம் முற்பாதியை மட்டும் சிரத்தையாகப் படித்துவிட்டுப் பிற்பாதியை விட்டுவிடுகிறோம். இரும்பும் எஃகும் ஓட்டத்தால் தேய்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் ரப்பரும் எண்ணெயும் திரவங்களும், கார் ஓடினாலும் நின்றாலும், காற்றாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் காலக்கிரமத்தில் கெடுகின்றன. நம் ஊர்ச் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் அந்தக் கேட்டைத் துரிதப்படுத்துகின்றன.

டயரை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் அப்போலோ ஆலையும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே. ஆலையும் இருக்க, டயரின் பிறந்த தேதியைப் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் ஏராளம். பக்கச் சுவரில் மண்ணைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தால், சின்ன நீள்வட்டச் சட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் தட்டுப்படும்; 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்த டயர். அந்த எண் சில சமயம் உட்புறச் சுவரில் மட்டும் இருக்கும். ஜாக்கி போட்டுக் குனிந்துதான் பார்க்க வேண்டும். டயர் உருளும்போது ரப்பருக்குள் கலந்திருக்கும் மெழுகும் காப்பு ரசாயனங்களும் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, காற்றிலுள்ள ஓசோன் அதை அரிக்காமல் காக்கின்றன. நின்ற இடத்திலேயே நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்புக் குறைவாதலால், பட்டன் தேயாமல் புதிதுபோல் தோன்றும்போதே பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டானால் தோற்றம் எப்படியிருந்தாலும் மாற்றவும் டயர் உற்பத்தியாளர்களே சொல்கிறார்கள். டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான்.

பிரேக் ஆயிலின் விஷயம் இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. ஈரத்தை ஈர்த்துக்கொள்வது அந்தத் திரவத்தின் சுபாவம். டாட் 4 தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் கடைவீதிக்குள் இதனால் ஒன்றும் தெரியாது. குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய், திருமலையிலிருந்து வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது, உள்ளே ஆவி கட்டிப் பெடல் தரைவரை இறங்கிவிடுமானால், 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்ற மீட்டரின் சாட்சியம் யாரைக் காப்பாற்றும்? பானட்டைத் திறந்து டப்பாவைப் பாருங்கள். இளமஞ்சளாக இருக்க வேண்டியது காப்பி டிக்காஷன்போல் கறுத்திருந்தால் தாமதம் வேண்டாம். நிறம் மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே உசிதம்.

அடுத்து டைமிங் பெல்ட். பிற்காலத்து 1.2 லிட்டர் காப்பா இன்ஜினில் சங்கிலி உண்டு. சாண்ட்ரோவில் இருப்பது ரப்பர் பெல்ட். பட்டறையில் மேல்மூடியைக் கழற்றி, மெக்கானிக் பெல்ட்டைச் சற்றே முறுக்கிக் காட்டும்போது பற்களின் அடியில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கோடு தெரியாததனால் மட்டும் ஆயுள் இருப்பதாகவும் நிச்சயமில்லை. அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். வாங்கியபின் ஒருமுறைகூட அதை மாற்றாதவர், வேறெந்தச் செலவுக்கும் முன்னால் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

இன்ஜின் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதில் விவாதமே இல்லை. ஆனால், வாரம் ஒருமுறை வாசலிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் உறும விட்டு அணைக்கும் வழக்கம் நல்லதென்று எண்ணிச் செய்யும் தீங்கு. ஆயில் போதிய சூடேறாமல், உள்ளே சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் அதிலேயே தங்கிவிடுகின்றன, பேட்டரியும் நிறைவதில்லை. சுங்குவார்சத்திரம் வரை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வருவதே காருக்குச் செய்யும் உபகாரம். இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய கார்கள் சிலவற்றில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் தெரிவித்தது. ஆகவே எரிபொருள் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு செலவா என்று மலைக்க வேண்டாம். நல்ல நிலையிலுள்ள கிளட்ச்சை மாற்றுவதும், இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் என்று பில்லில் ஏறும் அலங்காரங்களும் இத்தகைய காருக்குப் பெரும்பாலும் அநாவசியம். ஓய்வூதியத்தில் ஜீவிக்கும் ஒருவர் அவற்றை மறுத்துவிட்டு, அந்தத் தொகையை டயருக்கும் பெல்ட்டுக்கும் திருப்புவதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேட்பதும் அவருடைய உரிமை.

15 ஆண்டு கடந்த பெட்ரோல் காரைச் சாலையிலிருந்து விலக்கும் தடை நம் மாநிலத்தில் இல்லை, ஆர்.சி.யை ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாம். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. இவ்வளவு வாங்கிக்கொண்டு எஃப்.சி. பார்க்கும் அரசாங்கம், விளக்கும் ஹாரனும் பெயிண்டும் பார்ப்பதோடு, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களின் வார்ப்பு ஆண்டையும், பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இந்தச் சாலையோரத்தில் ஆலை நடத்தும் கார் கம்பெனிகளும், உற்பத்தி நின்றுபோன தங்கள் மாடல்களுக்கு ஆண்டுக் கணக்கில் ஒரு பராமரிப்பு அட்டவணையைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, சர்வீஸ் நிலையங்களில் கேட்பவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கட்டும்.