பழைய பிக்கப்பை தூக்கினால் பலம் கூடுமா? சஸ்பென்ஷன் லிஃப்ட், ஆக்சில் மாற்றம்: சட்டம் சொல்வது என்ன?

10 வருஷம் ஓடிய பிக்கப். பின்பக்கம் தொங்கிப்போச்சு. மலைப்பாதையில் அடி தட்டுது. லோடு ஏத்தினா டயர் மட்கார்டில் உரசுது. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு யோசனைகள் கிடைக்கும். ஒன்று, "ரெண்டு இன்ச் தூக்கிடலாம்." இன்னொன்று, "ஆக்சிலை மாத்திடலாம்."

புது பிக்கப் விலை 10 லட்சத்தை ஒட்டி இருக்கும்போது, இருக்கிற வண்டியையே தேத்திக்கொள்வது நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆனா இந்த இரண்டு வேலையும் உண்மையில் எதைச் சரி செய்யும்? எதில் சிக்க வைக்கும்? பார்க்கலாம்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் என்ன?

வண்டியின் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கூட்டுவதுதான் சஸ்பென்ஷன் லிஃப்ட்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் உள்ள பிக்கப்களில் இதை மூன்று விதமாகச் செய்கிறார்கள். ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது ஒன்று. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது இரண்டாவது. நீளமான ஷாக்கிள் மாட்டுவது மூன்றாவது. முன்பக்கம் காயில் ஸ்பிரிங் இருந்தால் ஸ்பேசர் வைப்பார்கள், அல்லது உயரமான ஸ்பிரிங்கே போடுவார்கள்.

இவற்றில் பட்டை சேர்ப்பது மட்டும்தான் ஸ்பிரிங்கை விறைப்பாக்கும். கட்டையும் ஷாக்கிளும் ஸ்பேசரும் உயரத்தைத்தான் கொடுக்கும், பலத்தைக் கொடுக்காது. தளர்ந்துபோன ஸ்பிரிங் தளர்ந்தபடியே இருக்கும், கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

தூக்கினால் அடி தட்டாதா?

பலரும் கவனிக்காத விஷயம் இது. பின் ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் பெரும்பாலும் கல்லில் முதலில் தட்டும். சஸ்பென்ஷனை எத்தனை இன்ச் தூக்கினாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. ஏனென்றால் ஆக்சில் நிற்பது சக்கரத்தின் மேல்.

அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் பாதிதான் கிடைக்கும். 28 இன்ச் விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 31 இன்ச் போட்டால், ஆக்சில் உயர்வது ஒன்றரை இன்ச்தான்.

பெரிய டயருக்கு வேறு செலவுகளும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கியரும் கனக்கும். 4.1 என்ற ஆக்சில் ரேஷியோ, 3.7 போல வேலை செய்யும். மேட்டில் இழுவை குறையும், கிளட்ச் சீக்கிரம் தேயும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.5-ஐ ஒட்டிய ரேஷியோவுக்கு கிரவுன், பினியனை மாற்ற வேண்டும். 4 வீல் டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 4 வீலில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

உண்மையான ஆபத்து எங்கே?

முதலில் கவிழும் அபாயம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் எடை மையமும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். எடை மையம் 5 செ.மீ. உயர்ந்தால் பக்கவாட்டு நிலைத்தன்மை சுமார் 6 சதவீதம் குறையும். இது காலி வண்டிக் கணக்கு. வைக்கோலோ வாழைத்தாரோ உயரமாக அடுக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம்.

இரண்டாவது பிரேக். பல பிக்கப்களில் பின்பக்கம் லோடு சென்சிங் வால்வு இருக்கும். சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை ஒரு கம்பி வழியாக அது அளக்கும். லோடு ஏறினால் இடைவெளி குறையும், உடனே பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியைத் தூக்கிவிட்டு வால்வை அப்படியே விட்டால், முழு லோடு இருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே அது நினைக்கும். பின் பிரேக் முழுசாகப் பிடிக்காது. மலை இறக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

இது தவிர பிரேக் ஹோஸ் இழுபடும். புரொபெல்லர் ஷாஃப்ட் சாய்வு மாறி கிராஸ் சீக்கிரம் போகும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

ஆக்சிலை மாற்றினால் கூடுதல் லோடு ஏற்றலாமா?

கூடாது. வண்டி தாங்கும் எடையை ஆக்சில் மட்டும் முடிவு செய்வதில்லை. ஸ்பிரிங், சேஸிஸ், டயர், வீல் பேரிங், பிரேக் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இதில் எது பலவீனமோ அதுதான் வண்டியின் அளவு. கனமான ஆக்சில் போட்டால், உடைகிற இடம் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு மாறும்.

சட்டக் கணக்கும் தனி. சரக்கு வண்டியின் ஆர்.சி.யில் மொத்த எடை, டயர் அளவு, ஒவ்வொரு ஆக்சிலுக்கும் அனுமதிக்கப்பட்ட எடை எல்லாம் பதிவாகியிருக்கும். பட்டறையில் ஆக்சில் மாறியதால் அந்த எண் மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ன்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது.

2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அங்குள்ள போக்குவரத்து அதிகாரிகள் தொடர்ந்த வழக்கு அது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ(4) சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.

"சஸ்பென்ஷன் உயரத்துக்கு ஆர்.சி.யில் கட்டமே இல்லையே, யார் கண்டுபிடிப்பாங்க?" என்று சிலர் கேட்கலாம். வண்டியின் அமைப்பை மாற்றி, அதன் அடிப்படை அம்சத்தை மாற்றுவதுதான் "மாற்றம்" என்று சட்டம் விளக்குகிறது. 2 இன்ச் லிஃப்ட் அதற்குள் வருமா என்பதை பிரேக் இன்ஸ்பெக்டரோ நீதிமன்றமோதான் முடிவு செய்யும், பட்டறைக்காரர் அல்ல. டயர் அளவில் அந்தக் குழப்பமும் இல்லை. அது ஆர்.சி.யிலேயே இருக்கிறது. மேலும், 8 வயதைத் தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போயே ஆக வேண்டும்.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பதும் இதைத்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்கலாம். மூன்றாம் நபருக்கு இழப்பீடு கொடுத்தாலும், பாலிசி நிபந்தனை மீறல் நிரூபணமானால் அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிப்பது உண்டு.

அமெரிக்காவில் எல்லாம் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறார்களே?

உண்மைதான். லிஃப்ட் அங்கே பெரிய வியாபாரம். ஆனா அங்கும் எல்லை உண்டு. முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தும் "கரோலினா ஸ்குவாட்" பாணியை வட கரோலினா 2021-லும், வர்ஜீனியா 2022-லும், தென் கரோலினா 2023-லும் தடை செய்தன. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 4 இன்ச் உயரக்கூடாது என்பதே அளவு. ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் சாலை தெரியாது என்பதுதான் முக்கியக் காரணம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

* முதலில் அளந்து பாருங்கள். காலி வண்டியை சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளக்கணும். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் இருந்தாலோ, அதே மாடல் நல்ல வண்டியைவிடக் குறைந்திருந்தாலோ, பிரச்சினை தளர்ந்த ஸ்பிரிங்கில்.

* கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் கட்டு, புஷ், ஷாக் அப்சார்பர் போடுங்கள். இழந்த உயரம் திரும்பும். இது ரிப்பேர், இதில் சட்டச் சிக்கல் இல்லை. யூ போல்ட்டையும் புதிதாகவே போடுங்கள். பழசைத் திரும்ப முறுக்க வேண்டாம்.

* ஆக்சிலில் சத்தமா? முதலில் வீல் பேரிங், ஆயில் சீல், கியர் ஆயிலைப் பாருங்கள். ஆக்சிலே போயிருந்தால் அதே மாடல், அதே ரேஷியோ உள்ளதைப் போடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

* "அப்ரூவ்டு கிட்" என்று யாராவது சொன்னால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். இரண்டும் கையில் வராமல் வேலையைத் தொடங்க விட வேண்டாம்.

* ஏற்கெனவே தூக்கிய வண்டியை வாங்குகிறீர்கள் என்றால், டயர் அளவை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடியில் குனிந்து பிரேக் ஹோஸ், லோடு சென்சிங் வால்வு இரண்டையும் பாருங்கள். வால்வுக் கம்பி கழன்றிருந்தாலோ, கம்பி கட்டி இழுத்து வைத்திருந்தாலோ அந்த வண்டியைத் தவிர்த்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் செய்த பிறகும் லோடு தாங்கவில்லை என்றால், அந்த வேலைக்கு அந்த வண்டி போதவில்லை என்றுதான் அர்த்தம். நடையைக் கூட்டலாம், அல்லது பெரிய வண்டி பார்க்கலாம்.