விதியும் முயற்சியும்

ஒருவர் உயர்நிலையை அடைந்தால், அஃது அவருடைய உழைப்பின் பயன் என்பர் சிலர்; அவருக்கு நல்ல நேரம் வாய்த்தது என்பர் வேறு சிலர். தாழ்வுற்றவர் குறித்தும் இவ்வாறே இரு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. ‘முயலவில்லை’ என்பது ஒன்று. ‘தலையெழுத்து’ என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பு அவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது அவரைக் கைவிடுகிறது. இரண்டும் எளியவை, ஆதலால் இரண்டும் ஐயத்திற்குரியவை.

திருவள்ளுவர் அறத்துப்பாலை ‘ஊழ்’ என்னும் அதிகாரத்தோடு நிறைவு செய்கிறார். ஊழின் வலிமையை அங்கே எடுத்துரைத்த அவரே, பொருட்பாலில் ‘ஆள்வினையுடைமை’ என்னும் அதிகாரத்தில் தளராத முயற்சியின் வெற்றியைப் போற்றுகிறார். இதனை முரண் என்று கருத வேண்டுவதில்லை. வாழ்க்கை இவ்விரண்டையும் ஒருங்கே உடையது. ஒரே வாழ்வில் இவை எவ்வாறு கலந்து இயங்குகின்றன என்பதை அறியக் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாறு துணைசெய்யும்.

முயற்சியின் பங்கு

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். பள்ளிப் பருவத்தின் இறுதியில், ஜி.எஸ். கார் தொகுத்த கணித நூலொன்று நண்பர் வழியாக அவருக்குக் கிடைத்தது. தேர்வுக்குப் பயிலும் மாணவர்க்கென எழுதப்பட்ட அந்நூலில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருந்தன. விளக்கங்களோ மிகச் சுருக்கமானவை. அம்முடிவுகளை இராமானுஜன் தாமே நிறுவிப் பார்க்க முற்பட்டார். அவற்றைக் கடந்து புதியனவற்றையும் கண்டார். தாள் வாங்கப் பொருள் போதாமையால், கற்பலகையில் கணக்கிட்டு அழித்துவிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். பட்டமும் வேலையும் இல்லாத ஆண்டுகளிலும் அப்பணி நிற்கவில்லை. அக்குறிப்பேடுகளை அறிந்தவர் எவரும் உழைப்பின் பங்கை மறுக்க இயலாது.

ஆயினும், அந்த நூல் அவர் கைக்கு வந்தது அவருடைய உழைப்பினால் அன்று. பின்னர் நிகழ்ந்த இழப்புகளையும் உழைப்பின்மையால் நேர்ந்தவை எனக் கூறிவிட முடியாது. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதம் தவிர்ந்த பாடங்களில் கவனம் செலுத்தாமையால் அதனை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோதும் இடைநிலைத் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை. இதில் அவருடைய பொறுப்பும் உண்டு. எனினும், ஒரு துறையில் ஒப்பற்ற ஆற்றல் உடைய மாணவருக்கு இடமளிக்க வழி காணாத கல்வி முறைக்கும் அதில் பங்கு உண்டு.

நல்லூழின் முகங்கள்

1910ஆம் ஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயரைச் சந்தித்து, இராமானுஜன் எழுத்தர் வேலை கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டிய அவ்வதிகாரி, இத்தகைய அறிவைக் கடைநிலைப் பணியில் புதைக்க மனமின்றி, சென்னையில் இருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக, நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து அவரைப் பேணினார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர்.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்குமுன் அங்கிருந்த வேறு கணித அறிஞர்களுக்கு எழுதியவை பயன் தரவில்லை. ஹார்டியும் முதலில் ஐயுற்றார். பின்னர்த் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் மேதை என்று உணர்ந்தார். எழுதியவர் ஒருவரே, ஆற்றலும் ஒன்றே. படித்தவர்தாம் வேறு. ஹார்டியின் பாராட்டுக்குப் பின், பட்டம் பெறாத இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914இல் இங்கிலாந்து சென்ற அவர், 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

இவ்வரலாற்றில் ‘நல்லூழ்’ எனப்படும் ஒவ்வொன்றையும் உற்றுநோக்கினால், அதன் பின்னே ஒரு மனிதர் நிற்பது தெரியும். ஒருவர் நூலைத் தந்தார். ஒருவர் குறிப்பேட்டைப் பொறுமையுடன் புரட்டினார். ஒருவர் பணம் தந்தார். ஒருவர் அறியாத நாட்டிலிருந்து வந்த கடிதத்தை ஒதுக்கிவிடாமல் படித்தார். உழைத்தவருக்கு ஊழாகத் தோன்றியது, மற்றவருக்குச் செய்யவும் செய்யாமல் விடவும் இயன்ற செயலாக இருந்தது.

மாற்றத்தக்க விதி

தமிழில் ‘விதி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று ஊழ், மற்றொன்று மனிதர் வகுத்த ஒழுங்கு. நோயும் இறப்பும் முதல்வகையைச் சார்ந்தவை. இராமானுஜன் 1920இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். ஆனால், தேர்ச்சி பெறாத மாணவருக்குக் கல்விக்கூடம் கதவடைத்தது இரண்டாம் வகை. மனிதர் வகுத்த அவ்விதியை மனிதரே தளர்த்த இயலும் என்பதற்குப் பட்டமின்றி வழங்கப்பட்ட உதவித்தொகையே சான்று. இரண்டாம் வகை விதியை முதல்வகை என மயங்குவதே நாம் பெரும்பாலும் செய்யும் பிழை.

இராமானுஜனின் வரலாற்றை நூலாக எழுதியவர்களுள் ஒருவர் சீர்காழியைச் சேர்ந்த எஸ்.ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான அவர், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் சென்றுசேர வேண்டும் என வலியுறுத்தினார். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்கு அவருடைய முயற்சி வழிவகுத்தது. நண்பர் வழியாகத் தற்செயலாகக் கைக்கு வரும் நூல், நூலகம் உள்ள ஊரில் உரிமையோடு கேட்டுப் பெறும் நூலாகிறது. காமராசர் ஆட்சிக்காலத்தில் விரிவுபெற்ற மதிய உணவுத் திட்டமும் அத்தகையதே. எந்த வீட்டில் பிறந்தோம் என்னும் தற்செயல், ஒரு குழந்தை பள்ளியில் நிற்பதா நீங்குவதா என்பதை முடிவுசெய்யும் நிலையை அது குறைத்தது. ஒரு சமூகம் நாகரிகம் உடையதா என்பதற்கு, அது எத்தனை பேருடைய நற்பேற்றைப் பொது உரிமையாக மாற்றியது என்பதே அளவுகோல்.

இதனால் முயற்சியின் மதிப்புக் குறைந்துவிடாது. ஹார்டி பிரித்த கடிதத்தில் தேற்றங்கள் இல்லாதிருந்தால், அவருடைய பொறுமையால் விளைந்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை. வாய்ப்பு எப்போது வரும் என்பது ஒருவர் கையில் இல்லை. வரும்போது தம்மிடம் என்ன இருக்கும் என்பது பெரிதும் அவர் கையில் உள்ளது. ஆதலின் தன்னைப் பொறுத்தவரை ஒருவன் முயற்சியையே நம்ப வேண்டும். பிறரைப் பொறுத்தவரை அதே அளவுகோலைக் கொண்டு தீர்ப்பளித்தல் தகாது. எத்தனையோ கற்பலகைகள் எவரும் காணாமலே அழிந்திருக்கும். வென்றவர் தமக்கு உதவியவரை மறவாதிருப்பதும், தோற்றவரைச் சோம்பர் என்று இகழாதிருப்பதும், இயன்றபோது மற்றொருவருடைய கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் விதியை உணர்ந்தவர்க்குரிய ஒழுக்கமாகும்.