துணிக்கூரை வாங்க முன்...



கடந்த மாதம் வடமராட்சி கிழக்கில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் கூட்டத்திற்குப் போயிருந்தேன். தையலுக்கும் பனையோலை வேலைக்கும் அவர்களுக்கு ஒரு கட்டடம் தேவை. கொழும்பிலிருந்து விலைமதிப்பு ஒன்று வந்திருந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணிக்கூரை. 'நிரந்தரக் கட்டடம்' என்று பெயர். கல்லால் கட்டுவதை விட விலை குறைவு. சில நாட்களில் நிமிர்த்தியும் விடலாம். எல்லோருக்கும் சந்தோசம். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் எழும்பிக் கேட்டார்:

"பிள்ளை, மெனிக்பாமில தறப்பாளுக்குக் கீழ மூண்டு வருசம் இருந்து வந்தனான். இப்ப காசு குடுத்துத் திரும்பவும் அதுக்குள்ளயோ போகச் சொல்லுறியள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. 1990இலும் 1995இலும் இடம்பெயர்ந்தவர்களுக்கும், 2004இல் கடலுக்குத் தப்பி ஓடியவர்களுக்கும் 'தற்காலிகம்' என்று தந்த கொட்டில்கள் எத்தனை வருடம் நீண்டன என்று தெரியும். 'நிரந்தரம்' என்று விற்பது எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

நானும் பட்டுத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு கிராமத்தில் அந்தச் சொல்லை நம்பி, "ஒப்பமிடுங்கள்" என்று சொன்னவள் நான். இரண்டாவது மாரியில் கூரை மூட்டோடு கிழிந்தது. காற்றினால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று சிறிய எழுத்தில் இருந்ததை நான் வாசிக்கவில்லை. அந்தப் பெண்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது. ஆகவே இப்போது ஐந்து விடயங்களைக் கேட்காமல் விடுவதில்லை.

1. என்ன துணி? முகாம்களில் தந்த தறப்பாள் பொலித்தீன் இழையில் நெய்தது. சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 200 கிராம்தான். வெயில் அதைத் தின்றுவிடும். நீண்டகாலக் கூரைக்குப் பாவிப்பது பீவீசீ பூசிய பொலியெஸ்ரர். பெரும்பாலும் 600 கிராமுக்கு மேல் இருக்கும். நல்லதாக இருந்து ஒழுங்காகப் பராமரித்தால் 10, 15 வருடம் நிற்கும். மக்காவுக்கு அருகே மினாவில் 1997இல் கூடாரங்கள் தீப்பற்றி 340க்கு மேற்பட்ட யாத்திரிகர்கள் இறந்தார்கள். அதன் பின்னர் அங்கே டெஃப்லோன் பூசிய கண்ணாடியிழைத் துணியில், தீயைத் தாங்கும் நிரந்தரக் கூடாரங்களை அமைத்தார்கள். 'துணி' என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை வகை இருக்கின்றன. ஸ்திரிக்கைப் பெட்டி வைத்து வேலை செய்யும் இடத்துக்குத் தீயைத் தாங்கும் துணியா என்று கேளுங்கள். ஒரு துண்டு மாதிரி வாங்கி வையுங்கள்.

2. காற்றையும் உப்பையும் தாங்குமா? 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கிழக்குக் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 80 - 90 கிலோமீற்றர் வேகத்தில் வீசியது. எத்தனை கிலோமீற்றர் வேகம் வரை கூரை தாங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடற்காற்றில் குழாயை வெட்டிய இடத்திலும் ஆணித் துளையிலும்தான் துரு தொடங்கும். அந்த இடங்களுக்கும் துத்தநாகப் பூச்சு உண்டா என்று பாருங்கள்.

3. எதில் ஊன்றுவது? வடமராட்சி கிழக்கின் மணலில் முளை நிற்காது. வலிகாமத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல். இரண்டுக்கும் கொங்கிறீற் அத்திவாரம் தேவைப்படும். அந்தச் செலவு விலைமதிப்பில் இருக்கிறதா? மாரி வெள்ளத்துக்கு மேலாக நிலத்தை உயர்த்தும் செலவு?

4. யாருடைய காணி? வாய்ப்பேச்சுப் போதாது, உரிமையாளரின் எழுத்து வேண்டும். பெண்ணின் பேரில் காணி இருந்தாலும், தேசவழமைக்குட்பட்ட மனைவி அதை ஈடு வைக்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். பிரதேச சபையிலும் விசாரியுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் கேட்க வேண்டும்.

5. முழுச் செலவு எவ்வளவு? ஏற்றுக்கூலி, நிலம், மின்சாரம், மின்விசிறி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒற்றைத் துணிக்குக் கீழே நடுப்பகலில் வெக்கை தாங்காது. காற்றோட்டத்துக்குப் பக்கங்கள் திறக்க வேண்டும். சட்டம் நின்றாலும் துணியை ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அதற்கு மாதாமாதம் சிறு தொகை ஒதுக்குங்கள். முழுக் காசையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். ஒரு பங்கை முதல் மாரி கழியும் வரை பிடித்து வைக்கக் கேளுங்கள். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் கடனை இதற்காக எடுக்கவே வேண்டாம்.

துணிக்கூரை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காணி மாறினால் கழற்றிக் கொண்டுபோகலாம் என்பது இடம்பெயர்ந்த எங்களுக்குச் சிறிய விடயமல்ல.

அந்தச் சங்கம் அன்று ஒப்பமிடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரரிடம் முதலில் கடிதம் கேட்டிருக்கிறார்கள். ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து வருடம் வெயிலும் மழையும் கண்ட கூரை ஒன்றை நேரில் பார்க்க மூன்று பேரைத் தெரிந்தார்கள். அதில் முதல் பெயர் பின்வரிசை அம்மாவுடையது.

உங்கள் சங்கத்துக்கும் இப்படியொரு கடதாசி வந்தால், ஒப்பமிட முன் எல்லோரும் சேர்ந்திருந்து, சிறிய எழுத்து உட்பட, சத்தமாக வாசியுங்கள். பின்வரிசையில் யாராவது எழும்பினால் இருக்கச் சொல்லாதீர்கள்.