கோர்ட்டுக்குப் போன கதையும் ஒரு தர்ம சங்கடமும்

"போன சனிக்கிழமை கோர்ட்டுக்குப் போயிருந்தேன்"னு போனில் சொன்னதுதான் தாமதம், அம்மா பதறிட்டாங்க. "சட்டம் படிக்கத்தானேடா அனுப்பினோம், என்ன வம்பை இழுத்து வெச்சே?" அது அந்தக் கோர்ட் இல்லம்மா, பந்து விளையாடுற கோர்ட்டுன்னு புரிய வைக்கவே பத்து நிமிஷம் ஆச்சு :-)

விளையாட்டோட பேரு ஈட்டன் ஃபைவ்ஸ். லண்டன் வர்ற வரைக்கும் நானும் கேள்விப்பட்டதில்லை. ரெண்டு கையிலும் தோல் கையுறை மாட்டிக்கிட்டு, கார்க்கும் ரப்பரும் சேர்த்துச் செஞ்ச சின்னப் பந்தைக் கையாலேயே சுவரில் அடிக்கணும். கிட்டத்தட்ட ஸ்குவாஷ் மாதிரி, ஆனா மட்டை கிடையாது. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பேர். ஈட்டன் பள்ளிப் பசங்க அங்கிருக்கும் தேவாலயத்தின் வெளிச்சுவரில், ரெண்டு முட்டுச்சுவர்களுக்கு நடுவில் பந்தடிச்சு ஆடியதுதான் ஆரம்பம். 1840-ல் தனியா கோர்ட் கட்டினப்போ அந்த மூலையை அப்படியே காப்பியடிச்சாங்க. மூணு பக்கம் சுவர், தரைக்குக் குறுக்கே ஒரு படி, இடது பக்கம் துருத்திக்கிட்டு நிக்கிற ஒரு தூண்.

சிக்கலே இங்கதான். கபடிக்கு மண்ணில் கோடு கிழிச்சா போதும். தெரு கிரிக்கெட்டுக்கு மூணு குச்சி. இதுக்கோ கட்டடமே கட்டணும், கட்டினதை வேற விளையாட்டுக்கும் சரியாப் பயன்படுத்த முடியாது. யாராவது காசு போட்டுக் கட்டினால்தான் ஆட்டமே உண்டு. அதனால்தான் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு அறக்கட்டளைகள் தேவைப்படுது.

"பசிச்சவனுக்குச் சோறு போடறது தர்மம். பணக்காரப் பசங்களுக்குச் சுவர் கட்டிக் கொடுக்கிறது எந்த ஊர் தர்மம்?" இது என் அறைத்தோழன். தோப்புக்காரனுக்கே தேங்காய் தானமான்னு அவன் கேட்கிறதில் நியாயம் இருக்கு. ஆனா முழு நியாயம் இல்லைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் சட்டம் பேசிக்கிறேன், கொட்டாவி விடாம கேளுங்க. பாய்மரப் படகுப் போட்டிக்கு வருஷா வருஷம் கோப்பை கொடுக்கணும்னு ஒருத்தர் உயில் எழுதி வெச்சார். வெறும் விளையாட்டை வளர்ப்பது அறம் ஆகாதுன்னு 1895-ல் இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிடுச்சு. அப்புறம் கால்பந்துச் சங்கம் மாணவர்களுக்காக ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சது. அது அறக்கட்டளைதான்னு 1980-ல் பிரபுக்கள் சபை ஒத்துக்கிச்சு. காரணம் விளையாட்டு இல்லை, கல்வி! மாணவர்களின் உடற்பயிற்சியும் படிப்பில் சேர்த்திங்கிற கணக்கு. அமெச்சூர் விளையாட்டை வளர்ப்பதும் அறம்தான்னு 2006-ல் வந்த சட்டம்தான் நேரடியா எழுதி வெச்சது. அதிலும் பொதுமக்களுக்குப் பயன் இருந்தாகணும்னு நிபந்தனை உண்டு.

இதில் எனக்குப் படுவது என்னன்னா, விளையாட்டுக்குத் தர்மம் செய்யணும்னா பள்ளிக்கூட வாசல் வழியா வான்னு சட்டமே ரொம்ப நாள் கையைக் காட்டியிருக்கு. ஃபைவ்ஸ் பொறந்ததே பள்ளியில்தான், வளர்ந்ததும் அங்கேயேதான். பள்ளிகள் இல்லேன்னா அது என்னிக்கோ செத்துப் போயிருக்கும், அதை மறுக்கலை. ஆனா பள்ளிக் கேட்டுக்கு உள்ளே இருக்கிற கோர்ட்டை வெளியே இருக்கிறவன் கண்ணால்கூடப் பார்க்க முடியாதே!

நான் ஆடினது கேட்டுக்கு வெளியே இருக்கிற இடத்தில். மேற்கு லண்டனில் வெஸ்ட்வே மேம்பாலம் 1970-ல் திறந்தது. அதுக்காக வரிசை வரிசையா வீடுகளை இடிச்சாங்க. தெருவை இழந்த மக்கள் சும்மா விடலை. பாலத்துக்குக் கீழே இருந்த 23 ஏக்கரை ஊருக்குப் பயன்படுத்த 1971-ல் ஒரு அறக்கட்டளை அமைஞ்சது. அப்படி வந்ததுதான் அந்த விளையாட்டு மையம். அங்கே நாலு ஈட்டன் ஃபைவ்ஸ் கோர்ட் இருக்கு. எந்தப் பள்ளியில் படிச்சேன்னு யாரும் கேட்கலை. கூட ஆடின மூணு பேரில் ஒருத்தர் தாத்தா வயசு. என்னை ஓட ஓட விரட்டினார்.

மேல்தட்டு விளையாட்டை வெளியே கொண்டுவந்தா மட்டும் யார் ஆடப் போறாங்கன்னு கேட்டா, நைஜீரியாவைப் பாருங்க. 1928 வாக்கில் ஹோகன் என்ற ஆங்கில ஆசிரியர் கட்சினா கல்லூரியில் இதை அறிமுகப்படுத்தினார். பின்னாளில் வடக்கு நைஜீரியாவின் முதல் பிரதமரான அஹமது பெல்லோ அங்கே படிச்சவர், ஃபைவ்ஸ் பிரியர். ஆட்டம் கல்லூரியோட நிக்காம மற்ற ஊர்களுக்கும் பரவிச்சு. சுவர் கைக்கெட்டுற இடத்தில் இருந்தா ஆட்டம் யாருக்கும் வரும்.

அதனால் என் தீர்ப்பு (படிச்சு முடிக்கலை, இருந்தாலும்): சிறுபான்மை விளையாட்டுக்குக் கோர்ட் கட்டுவது தர்மம்தான். ஆனா கோர்ட்டின் கதவு தெருவைப் பார்த்து இருக்கணும். பள்ளி நிலத்தில்தான் கட்ட முடியும்னா, சனி ஞாயிறு ஊருக்குத் திறந்து விடணும்னு எழுதி வாங்கிக்கிட்டுக் காசு கொடுக்கணும். சுவரோட நிறுத்தாம, இரவல் கையுறைக்கும் சொல்லிக் கொடுக்க ஒரு ஆளுக்கும் சேர்த்துக் கொடுக்கணும். இல்லேன்னா அது உள்ளூர்க்காரங்க தங்களுக்குத் தாங்களே வெச்சுக்கிட்ட மொய்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு உண்டு. முதல் பந்தைப் போடுறவர், எதிராளி அடிக்க வசதியாத்தான் போடணும். பிடிக்கலேன்னா எதிராளி விட்டுடலாம், மறுபடி போடணும். கொடுக்கிறவன் வசதியைவிட வாங்குறவன் வசதி முக்கியம். அறக்கட்டளைக்காரங்க அதை ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்.

டிஸ்கி: கை வீங்கி, இதை ஒத்தை விரலால் தட்டினேன். எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்கவும்.