ஒரு காலைப்பொழுதின் கொடி

தென்னாப்பிரிக்காவில் வால் நதிக்கரையில் வைரம் தோண்டச் சென்ற வெள்ளையர், 1870-ல் பார்க்கர் என்னும் முன்னாள் கப்பற்காரரைத் தலைவராகக் கொண்டு ஒரு குடியரசையே நாட்டிவிட்டனர். மறு ஆண்டே அந்நிலம் பிரிட்டிஷ் ஆதிக்கத்துள் மறைந்தது. அதை அற்பாயுள் அரசு என்போமாயின், நமது ஆரணிக்கு வடமேற்கே வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ந் தேதி நடந்த ஆட்சியை என்னவென்பது? விடியலில் கொடி ஏறிற்று, பகலுக்குள் இறங்கிற்று.

அது திப்பு சுல்தானின் புலிவரிக் கொடி. நெசவூரில் குடியிருக்கும் நமக்குக் கொடியென்றாலும் முதலில் துணியும் வரியுமே கண்ணில் படும். மைசூர்ப் படை நம் ஊருக்குப் புதியதன்று. 1782 ஜூன் 2-ந் தேதி ஹைதர் அலி, கூட் துரையோடு பொருதது இவ்வூரின் அருகில்தான்.

வேலூர்க் கலகத்துக்குக் காரணம் கேட்டால் தலைப்பாகை என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். தோற் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை தரிக்கவேண்டும், நெற்றிக்குறியும் தாடியும் காதணியும் கூடா என்று உத்தரவாயிற்று. மறுத்தவர்கள் சவுக்கடி பட்டார்கள். எல்லாம் மெய்யே. ஆனால் தலைப்பாகைச் சண்டைக்குக் கொடி எதற்கு? கோட்டையில் காவலிலிருந்த திப்புவின் மகன் பத்தே ஹைதரை அரசரென்று அறிவிப்பானேன்?

அது மன்னர் கொடியேயன்றி மக்கள் கொடியன்று என்று அன்பர்கள் ஆட்சேபிக்கலாம். நியாயந்தான். ஆனால், ஹிந்துக்களும் முஸ்லிம்களுமான அந்தச் சிப்பாய்கள் அன்றுவரை வணங்கி நின்றது கும்பினிக் கொடியை. அதற்கு மாற்றாக அவர்கள் அறிந்தது கும்பினியோடு போரிட்டு மாண்டவன் கொடியைத்தான்.

பிறகு அவர்கள் கொள்ளையில் இறங்கினார்கள். இதை மறைப்பதில் பயனில்லை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி, மதில்மேல் எஞ்சியிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் இடைக்கச்சைகளை முடிந்து விட்ட கயிற்றைப் பற்றி ஏறினான். பின்னால் வந்த பீரங்கிகள் வாயிலைத் தகர்த்தன. அகப்பட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய நூறு பேரைச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள்.

தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கலகம் செய்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. அத்தோடு நில்லாமல் சுல்தானின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வெறும் தலைப்பாகைக் கலகமாயின், அரசகுமாரர்களை அவ்வளவு தொலைவு கொண்டுபோய் வைப்பானேன்?