வீட்டில் தங்கினால் அந்த ஓட்டு கடைக்கு!



இன்னும் ஐந்தே நாள். அக்டோபர் 2 அன்று டாஸ்மாக் கடைக்குப் பூட்டு. நம் ஊரில் கிராம சபை. மறுநாள் பகல் 12 மணிக்கு ஷட்டர் மறுபடி ஏறும். அதை ஏறவிடலாமா என்று ஊர் கேட்கப்போகும் நாள் இது. ஒரு வீடு விடாமல் வந்து சேருங்கள்!

ஏன் ஒரு வீடு விடாமல்? மகாராஷ்டிரத்துப் பெண்களைக் கேளுங்கள். அங்கே கடையை மூடச் சொல்லிப் பெண்கள் மனுக் கொடுத்தால் அரசே ஓட்டெடுப்பு நடத்துகிறது. சீட்டில் இரண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டில் ஜெயித்தால் கடை மூடப்படும். ஆனால் வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் போதாது. பட்டியலில் உள்ள பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட வேண்டும். வேலை கிடக்கிறது என்று வீட்டில் தங்கியவளின் ஓட்டும் கடைக்கணக்கில்தான் சேரும். ராஜஸ்தானிலும் ராஜ்சமந்த் மாவட்டத்தின் கச்சபலி கிராமம் 2016-இல் ஓட்டுப் போட்டே சாராயக் கடையை மூடியது.

நமக்கு அந்தச் சீட்டு இல்லை. நம் தீர்மானத்தைக் கிடப்பில் போடவும் அதிகாரிகளுக்குத் தெரியும். நம் கையில் இருப்பது தலைக்கணக்கு ஒன்றுதான். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால் சபை செல்லும். அந்த நூறோடு நின்றால் ‘நாலு பேர் கத்தினார்கள்’ என்று முடித்துவிடுவார்கள். ஊரே கையெழுத்துப் போட்டால் அப்படிச் சொல்ல வாய் வருமா?

‘கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்’ என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்களே, அன்று டாஸ்மாக் மூடியா கிடந்தது? ‘அரசுக்கு வருமானம் போகும்’ என்பார்கள். சனிக்கிழமைக் கூலி வீட்டுப்படி ஏறாமலே போகிறதே, அது யார் வருமானம்?

இன்றிரவே தெருவுக்கு இருவர் வீடு வீடாக அழைக்கக் கிளம்புங்கள். டேப் பிடித்து அளந்து பாருங்கள்: ஊராட்சிப் பகுதியில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 100 மீட்டருக்குள் கடை கூடாது என்பது அரசின் விதி. சபையில் தீர்மானத்தை முழுதாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள். வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே எதையும் எழுதிக்கொள்ளலாம். நகல் கைக்கு வராமல் கலையாதீர்கள்.

தீர்மானம் இரண்டு. ஒன்று, இந்தக் கடையை மூடு. இரண்டு, மகாராஷ்டிரத்துப் பெண்களுக்கு இருக்கும் ஓட்டை எங்களுக்கும் கொடு.

நடக்க முடியாத பாட்டியை வண்டியில் ஏற்றி வாருங்கள். கைக்குழந்தையோடு வாருங்கள். குடிக்கிற அண்ணன்மார்களே, நீங்களும் வாருங்கள். விட வேண்டும் என்று உங்களைவிட அதிகம் தவித்தவர் யார்? அன்று வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரும், மறுநாள் 12 மணிக்கு அந்த ஷட்டரைத் தூக்க ஒரு கை கொடுக்கிறவர்.